எந்த உடலோடு எழுவோம்?

நவம்பர் 2-ஆம் நாள் நம்மவர் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி நிற்கையில், நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. மண்ணோடு மண்ணாகிவிட்ட இவ்வுடல் மீண்டும் எழுமா? ஆன்மா இறைவனை அடைந்தால் போதாதா? ஆயினும் திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கையில் நாம் ஏற்றுச் சொல்வது உடலின் உயிர்ப்பை அன்றோ!

கி.பி. 177-இல், இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகரில் கிறிஸ்தவர் பலர் கொல்லப்பட்டனர். பகைவர் அவ்வுடல்களை ஆறு நாள் வெட்டவெளியில் கிடத்தி, பின்னர் எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் எறிந்தனர். இனி இவர்கள் உயிர்க்க வழியில்லை என்பது அவர்தம் எண்ணம். வரலாற்றாசிரியர் யூசேபியு காத்துத் தந்த மடல் இதனைக் கூறுகிறது. சிதறிய துகள்களைப் பொறுக்கிச் சேர்ப்பதே உயிர்ப்பு என்று அவர்கள் கருதினர். நாமும் சில வேளைகளில் அவ்வாறே கருதுகிறோம்.

புனித பவுலோ விதையைக் காட்டுகிறார். விதையின் உருவம் வேறு, கதிரின் உருவம் வேறு; எனினும் விதைத்ததே விளைகிறது. அவர் கூறும் 'ஆவிக்குரிய உடல்' உடலற்ற ஆவி அன்று. தூய ஆவியார் முழுமையாக ஆட்கொண்ட உடல். உயிர்த்த ஆண்டவரைக் கண்டு, ஆவியென்று சீடர் அஞ்சியபோது, அவர் மீன் துண்டொன்றை வாங்கி உண்டார். பூட்டிய கதவுகள் அவரைத் தடுக்கவில்லை. ஆயினும் அவருடைய காயங்கள் மறைந்துவிடவில்லை. தோமா கண்டது அக்காயங்களைத்தான். அன்பின் பொருட்டு உடல் ஏற்ற வடு மாட்சியிலும் இழக்கப்படுவதில்லை என்பதே இதன் பொருள்.

இதனாலேயே திருச்சபை, 1886-இல் தான் விலக்கிய தகனத்தை, உயிர்ப்பை மறுக்கும் நோக்கோடு செய்யப்படாதவரை, 1963-இல் அனுமதித்தது. நெருப்பு இறைவனின் கையைக் கட்டிவிடாது. எனினும் சாம்பலைத் தூவிவிடாது மதிப்போடு காக்குமாறு 2016-இல் அறிவுறுத்தியது. அச்சாம்பல் ஒருவர் அன்பு செய்து வாழ்ந்த உடலன்றோ!

ஆன்மா மட்டுமே மீட்கப்படுமாயின், ஏழையின் பசியையும் நோயாளியின் வேதனையையும் நாம் சிறிதென்று ஒதுக்கிவிடலாம். உடல் உயிர்க்கும் என்று நம்புவோருக்கு அவ்வழி அடைக்கப்பட்டுள்ளது. பாத்திரம் துலக்கித் தேய்ந்த தாயின் கைகளும், சேற்றில் நின்று வெடித்த உழவரின் கால்களும் இறைவன் முன் மாட்சி பெறவிருப்பவை. அப்படியிருக்க, கல்லறைத் தோட்டத்திலும் சாதியின் பெயரால் சுவர் எழுப்பிய ஊர்கள் நம்மிடையே இருப்பது எத்தகைய மறுதலிப்பு! ஒரே உயிர்ப்பை அறிக்கையிடும் நாவோடு, எழவிருக்கும் உடல்களை நாம் பிரித்து வைக்கிறோம்.

எந்த உடலோடு எழுவோம் என்பதை இறைவன் அறிவார். எழவிருக்கும் உடல்களை இன்று எவ்வாறு நடத்துகிறோம் என்பதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.