இருக்கைகளைக் கழற்றிய பிறகு

மூன்றாவது வரிசை இருக்கையின் கடைசி போல்ட் மட்டும் அசையவே இல்லை. எண்ணெய் அடித்து ஓர் இரவு முழுக்க ஊறவிட்டேன். மறுநாள் ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி அழுத்தியபோது போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, "அது கழலாதுடா. அடியில நட்டுக்கு வெல்டிங் வச்சிருக்கேன். பிள்ளைங்க குதிக்கிற குதியில லூசாயிக்கிட்டே இருந்துச்சு" என்றார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நீ கேக்கலையே" என்றார்.

அது ஒரு நிஸான் வெனெட். 1.5 லிட்டர் எஞ்சின், கார்புரேட்டர். எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் இருப்பதால் ஓட்டுபவர் எப்போதும் அடுப்பின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். மலேசியாவில் இந்த வேனைப் பார்க்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. பசார் மாலாமில் துணி இறக்கியது, ரொட்டி சுமந்தது, மஞ்சள் பூசிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியது எல்லாம் இதுதான். அப்பா கிள்ளானில் 18 வருடம் பள்ளி வேன் ஓட்டினார். கண் மங்கியதும் பெர்மிட்டை விட்டுவிட்டார். அதன் பிறகு வேன் வீட்டு முன்னாலேயே நின்று துரு ஏறிக்கொண்டிருந்தது. அதைத்தான் படுத்து உறங்கிப் பயணம் போகக்கூடிய கேம்பர் வேனாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

வேலையில் இறங்கிய பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. நான் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகளை ஒரே சமயத்தில் செய்துகொண்டிருந்தேன். அடித்தகட்டில் துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பது மீட்பு: வேன் முன்பு எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுபோவது. இருக்கையைக் கழற்றிக் கட்டில் போடுவது மாற்றம்: அது ஒருநாளும் இருந்திராத ஒன்றாக ஆக்குவது. கேட்பவர்களிடம் "அப்பாவோட வேன காப்பாத்துறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதைக் காப்பாற்றுகிறேன்?

இந்தக் கேள்வி பழையது. கிரேக்க வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பாதுகாத்தார்கள் என்றும், உளுத்த பலகைகளை எடுத்துவிட்டுப் புதுப் பலகைகளை வைத்தார்கள் என்றும், இது பழைய கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வாதிட்டார்கள் என்றும் ப்ளூட்டார்க் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதை இன்னும் சிக்கலாக்கினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்?

இந்தப் புதிர் நமக்குச் சொல்லப்படும்போது ஒன்று விட்டுப்போகிறது. அந்தக் கப்பல் காட்சிப் பொருளாக நின்றது அல்ல, ஓடியது. பிளேட்டோவின் 'ஃபீடோ'வில் அந்தச் செய்தி வருகிறது. தீசியஸ் உயிரோடு திரும்பினால் ஆண்டுதோறும் டெலோஸ் தீவுக்குக் காணிக்கைப் பயணம் அனுப்புவதாக ஏதென்ஸ் வேண்டிக்கொண்டிருந்தது. கப்பல் போய்த் திரும்பும்வரை நகரத்தில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது. சாக்ரடீஸுக்குத் தீர்ப்பு சொன்ன நேரத்தில் கப்பல் புறப்படத் தயாராகிவிட்டிருந்தது. அதனால்தான் அவர் சிறையில் பல நாள் உயிரோடு இருந்தார். இது அதே கப்பலா என்று அந்த நாள்களில் அவருடைய நண்பர்கள் பலகையை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். வேண்டுதல் இன்னும் நிறைவேறிக்கொண்டிருந்தது, அதனால் அது அதே கப்பல்.

அப்படிப் பார்த்தால் அப்பாவின் வேன் சுமந்த வாக்கு என்ன? அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. அது முடிந்துவிட்டது. இருக்கையைக் கழற்றியதால் முடியவில்லை. பெர்மிட்டை விட்ட அன்றே முடிந்துவிட்டது. ஆக, நான் எதையும் அழிக்கவில்லை என்று தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அதே காரணத்தால் நான் எதையும் காப்பாற்றவும் இல்லை.

இன்னொரு உறுத்தலும் இருந்தது. வேனில் வாழ்வதைச் சுதந்திரம் என்று காட்டும் படங்களைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. கடற்கரை, திறந்த பின்கதவு, காப்பிக் கோப்பை. ஒருநாள் அப்பாவிடம் உற்சாகமாக, "இனிமே இதுல படுத்துத் தூங்கலாம்பா" என்றேன். அவர் சிரித்தார். "நான் 18 வருஷம் இதுலதானே தூங்குனேன்."

எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் யோசித்ததில்லை. காலைப் பள்ளிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, மத்தியானப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும்வரை சில மணி நேரம் இருக்கும். வீட்டுக்கு வந்து போனால் பெட்ரோல் காசு. அதனால் பள்ளிக்குப் பக்கத்து மரத்தடியில் நிறுத்தி, இரண்டாவது இருக்கையில் குறுக்காகப் படுத்து, காலைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறார். நம் ஊர் லோரி ஓட்டுநர்களும் அப்படித்தான் தூங்குகிறார்கள். அவர்களை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. அதே வேன், அதே தூக்கம். அவருக்கு அது மிச்சம் பிடிக்கும் வழி, எனக்கு அனுபவம். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: எனக்குத் திரும்பிப்போக வீடு இருக்கிறது, அந்த வீட்டைக் கட்டியதும் இந்த வேன்தான்.

இதற்காகக் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டுமா? அது சுலபமான பதில் என்று நினைக்கிறேன். பிள்ளைக்கு ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு தகப்பன் உழைக்கிறான். கிடைத்த ஓய்வைப் பார்த்து வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தால் அவன் உழைப்புக்கு என்ன மரியாதை? ஆனால் அந்த ஓய்வை நானே கண்டுபிடித்த சுதந்திரம் என்று சொல்லிக்கொள்வது பொய். அதைத்தான் செய்யக் கூடாது.

துரு இதை எனக்கு வேறுவிதமாகக் கற்றுக்கொடுத்தது. இரும்பு துருவாகும்போது முன்பைவிட அதிக இடம் பிடிக்கிறது, அதனால்தான் சாயம் கொப்பளித்து எழும்புகிறது. கொப்பளத்தைத் தேய்த்து மேலே பட்டி பூசிச் சாயம் அடித்தால் சில மாதங்கள் பளபளக்கும். உள்ளே ஈரம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சுத்தமான இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்தால்தான் வெல்டிங் பிடிக்கும். வெட்ட வெட்ட ஓட்டை நினைத்ததைவிடப் பெரிதாகும். அப்பாவைப் பற்றி நான் வைத்திருந்த அழகான நினைவுகளும் கொஞ்சம் பட்டி பூசியவைதான்.

அதற்குப் பரிகாரம்போல ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். வேனுக்கு வெள்ளை அடிப்பதாக முடிவு. ஆனால் சறுக்குக் கதவின் உட்புறத்தில் மட்டும் பழைய மஞ்சளை அப்படியே விட்டுவிடலாம், ஒரு நினைவாக இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கதவை விரலால் சுரண்டிப் பார்த்தார். மஞ்சள் செதிலாக உதிர்ந்தது. "சாயம் போயிடுச்சு. அடிச்சுடு, இல்லாட்டி துரு புடிக்கும்" என்றார். நினைவுச் சின்னம் எனக்குத்தான் தேவைப்பட்டது. அவருக்குக் கதவு நன்றாக இருந்தால் போதும்.

பிறகு உள்ளே ஏறினார். இருக்கைகள் இல்லாத வேனுக்குள் அவர் ஏறியது அதுதான் முதல் முறை. நான் தரையில் சாக்கட்டியால் வரைந்திருந்த கட்டிலைப் பார்த்தார். பின்கதவுப் பக்கம், நீளவாக்கில். பேட்டரி 100 ஆம்பியர் மணி, 30 வாட் காற்றாடியை 40 மணி நேரம் ஓட்டும் என்று கணக்கு சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "தலைய இங்க வச்சா வெந்துருவ. கூரைச் சூடு பின்னாலதான் எறங்கும். குறுக்கா போடு, தலை கதவுப் பக்கம் இருக்கட்டும். காத்து இப்படித்தான் வரும்" என்று கையால் காட்டினார்.

சாக்கட்டிக் கோட்டை அழித்துவிட்டுக் குறுக்காக வரைந்தேன். என் உயரத்துக்கு இடம் நான்கு அங்குலம் பத்தவில்லை. "காலை மடக்கிக்கோ" என்றார் அப்பா.

இன்னும் கட்டில் போடவில்லை. சாயம் மாற்றியதை ஜேபிஜேயில் பதிய வேண்டும், உள்ளே செய்யும் மாற்றங்களுக்கு அனுமதி வாங்க வேண்டும், புஸ்பாகோம் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். தலை முறிந்த அந்த போல்ட் மட்டும் தரையில் அப்படியே இருக்கிறது. அறுத்து எடுக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் பலகை சமமாக உட்காராது.