மறியலைக் கடக்கும் விமானி

2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் உடல்நலக்குறைவு என்று சொல்லி விடுப்பில் போனார்கள். வளைகுடா நாடுகளுக்குக் கிளம்பியவர்கள் பெட்டியும் கையுமாக விமான நிலையங்களில் தவித்தார்கள். நிர்வாகம் 25 பேரைப் பணிநீக்கம் செய்தது. தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேச்சு நடந்ததும் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட நேரத்தில் பொதுவெளியில் பலரும் ஒரு தீர்ப்பை எழுதிவிட்டார்கள்: வேலைக்கு வந்தவர் நல்லவர், வராதவர் துரோகி. இந்தத் தீர்ப்பு தவறு. நியாயமான கோரிக்கைக்காகச் சக ஊழியர் வெளியே நிற்கும்போது அவருடைய இருக்கையில் போய் உட்காருவது அறமாகாது. விமானிகளின் போராட்ட வரலாறே இதற்குச் சாட்சி.

விமானிக்கு என்ன குறை, கைநிறையச் சம்பளம் வாங்குபவர்தானே என்று கேட்பவர்கள் அந்தத் தொழிலின் பூட்டை அறியாதவர்கள். பெரிய விமான நிறுவனங்கள் பலவற்றில் பணிமூப்புப் பட்டியல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: எந்த விமானம், எந்தத் தடம், எப்போது கேப்டன் பதவி, தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ வீட்டில் இருக்க முடியுமா என்பது வரை. இருபது ஆண்டு பறந்தவர் வேறு நிறுவனத்துக்குப் போனால் பட்டியலின் அடியில்தான் நிற்க வேண்டும். அதனால் தனியாளாக அவரால் பேரம் பேச முடியாது. பக்கத்து இருக்கைக்காரரும் எழுந்து வந்தால்தான் அவர் சொல்லுக்கு எடை.

1985 மே 17 அன்று அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். புதிதாகச் சேரும் விமானிகளுக்கு மட்டும் குறைந்த சம்பளம் என்ற இரட்டை ஊதிய முறையை நிர்வாகம் கேட்டதுதான் மோதலின் மையம். பழையவர்கள் பையில் அதனால் ஒரு டாலர்கூடக் குறைந்திருக்காது. இன்னும் பணிக்கே வராதவர்களுக்காக அவர்கள் தங்கள் சம்பளத்தை இழக்கத் துணிந்தார்கள். மறுபக்கம், நிறுவனம் பயிற்சி கொடுத்துத் தயாராக வைத்திருந்த ‘570 பேர்’ இருந்தார்கள். மறியலைக் கடந்து உள்ளே வந்தால் வேலை உறுதி. சங்கத்தில் அவர்களுக்கு ஒரு நாள் பழக்கம்கூடக் கிடையாது. இருந்தும் மிகச் சிலரைத் தவிர யாரும் உள்ளே போகவில்லை. வேலைநிறுத்தம் 29 நாள் நீடித்தது. சம்பள விவகாரத்தில் சமரசம் எட்டிய பிறகும், வெளியே நின்ற அந்தப் புதியவர்களின் கதி என்ன என்ற கேள்வி முடிவை இழுத்தடித்தது. பிறகு நிறுவனம் அவர்களைச் சேர்க்க மறுத்தபோது சங்கம் நீதிமன்றம் போய் வென்றது.

கோப்பெருஞ்சோழனை ஒருமுறைகூடக் கண்டிராத பிசிராந்தையார், மன்னன் வடக்கிருந்த செய்தி கேட்டுப் பாண்டிய நாட்டிலிருந்து நடந்து வந்து அங்கேயே உயிர்விட்டார். தமிழர்கள் ஈராயிரம் ஆண்டாகப் போற்றும் அந்த அறத்தை அந்த 570 பேரில் பெரும்பாலோர் அறியாமலே கடைப்பிடித்தார்கள். முகம் தெரியாதவருக்காகவும் நிற்பதே தோழமை. நட்புக்கென ஐந்து அதிகாரங்கள் ஒதுக்கிய வள்ளுவரும், ஆடை நழுவும்போது தானாக விரையும் கையைத்தான் அதற்கு உவமை சொன்னார்.

இதற்கு நேர்மாறான காட்சி யுனைடெட் வேலைநிறுத்தத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தது. 1981 ஆகஸ்டில் அமெரிக்க வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, விமானிகள் தொடர்ந்து பறந்தார்கள். அதிபர் ரீகன் 11,000க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களைப் பணிநீக்கம் செய்தார். 1983 செப்டம்பரில் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் திவால் மனு போட்டு, சங்க ஒப்பந்தங்களைத் தூக்கி எறிந்து, விமானிகளின் சம்பளத்தைப் பாதியாக வெட்டியது. அவர்கள் மறியலில் நின்றபோது தலைக்கு மேலே விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. சக விமானிகள் பலர் கருங்காலிகளாகிவிட்டார்கள்.

நிறுவனத்தின் உப்பைத் தின்றவர் அதற்குத்தானே கடன்பட்டவர் என்று கர்ணனின் செஞ்சோற்றுக் கடனை எடுத்துவைப்பவர்கள் உண்டு. துரியோதனன் அவமானப்பட்டு நின்றவனுக்கு அங்க நாட்டையே கொடுத்தான். சம்பளமோ பறந்த நேரத்துக்கான கூலி. விபீடணன் தன்னவர்களை விட்டு விலகவில்லையா என்பது அடுத்த கேள்வி. விலகினான். ஆனால் அண்ணனின் சபையிலே எழுந்து நின்று வாதாடிய பிறகு விலகினான். சங்கக் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, இரவில் நிர்வாகத்துக்குப் போன் போடுகிறவர் விபீடணன் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாது. கோரிக்கை உண்மையிலேயே அநியாயமானது என்றால் அதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு ஒருவர் விலகலாம்.

பயணிகளின் துயரமும் பொய்யன்று. முன்னறிவிப்பு கொடுத்து அதைக் குறைப்பது சங்கத்தின் பொறுப்பு. அந்தத் துயரத்தையே கேடயமாக்கிப் பேச்சுவார்த்தையைத் தள்ளிப்போடும் நிர்வாகத்துக்கு அதில் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்தியாவிலும் இரண்டு பாடங்கள் உண்டு. 2009இல் சங்கம் தொடங்கியதற்காக ஜெட் ஏர்வேஸ் இரண்டு விமானிகளை நீக்கியது. செப்டம்பரில் 400க்கும் மேற்பட்டோர் நோய் விடுப்பில் போனார்கள். ஐந்தே நாளில் அந்த விமானிகள் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார்கள். ஏர் இந்தியாவில் நடந்தது வேறு. 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸ் அதனுடன் இணைக்கப்பட்ட பிறகும் அங்கே இரண்டு சங்கங்கள் தனித்தனியே இயங்கின. 2011இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம ஊதியம் கேட்டு நின்றபோது மற்றவர்கள் பறந்தார்கள். 2012இல் அந்த மற்றவர்கள், பழைய இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்களுக்கு ட்ரீம்லைனர் விமானப் பயிற்சி தரக் கூடாது என்று 58 நாள் வெளியே நின்றார்கள். அப்போது பழைய இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்கள் பறந்தார்கள். சகாவின் வாய்ப்பைப் பறிக்க நடந்த அந்தப் போராட்டம் தோழமையின் கணக்கில் சேராது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்ட நிலையில், ஜூலை தொடக்கத்தில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வேலைக்குத் திரும்புவதாக உறுதி கொடுத்து அவர்கள் அதை முடித்துக்கொண்டார்கள்.