பொருளும் ஒழுங்கும்

ஒரு பொருளின் பெறுமதி அதன் மூலப்பொருளில் உள்ளதா, அன்றி அம்மூலப்பொருள் அமைந்துள்ள ஒழுங்கில் உள்ளதா? மெய்யியலாருக்குப் பழையதான இவ்வினாவைச் சப்பிரகமுவ மண்ணின் கனிப்பொருள்கள் புதிதாக எழுப்புகின்றன.

கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கத்திற் கிடைக்கும் காரீயம் பெரும்பாலும் தூய காபனே, வைரமும் காபனே. காரீயத்தில் ஒவ்வோர் அணுவும் வேறு மூன்று அணுக்களுடன் பிணைந்து தட்டையான படையாகின்றது. படைகளுக்கிடையேயுள்ள கவர்ச்சி வலுவற்றதாதலின் அவை எளிதில் வழுக்குகின்றன. பென்சில் எழுதுவதும், இயந்திர உராய்வு தணிவதும் இதனாலேயே. படைகளின் வழியே இலத்திரன்கள் இயங்குவதால் காரீயம் மின்னையும் கடத்தும். வைரத்திலோ ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களுடன் உறுதியாகப் பிணைந்துள்ளது; எனவே அது கண்ணாடியை அறுக்கும், மின்னைக் கடத்தாது.

இரத்தினபுரி தரும் சான்று இன்னும் நுட்பமானது. நீலக்கல், அலுமினியம் ஒட்சைட்டின் பளிங்காகிய குருந்தத்தின் ஒரு வகை. பால்போல் மங்கிய ‘கெவுடா’க் குருந்தம் நெடுங்காலம் மதிப்புக் குறைந்ததாகவே கருதப்பட்டது. 1970களில் தாய்லாந்து வணிகர் அதனை மலிவாக வாங்கிச் சென்று, ஏறத்தாழ 1,600 பாகை செல்சியசு வரை சூடாக்கினர். மங்கலுக்குக் காரணமான நுண்ணூசிகள் கரைந்து, அவற்றிலிருந்த தைத்தானியம் பளிங்கினுட் பரவி, அங்கிருந்த இரும்புடன் சேர்ந்து நீலநிறம் தந்தது. நிறந்தரும் மூலகம் எதுவும் வெளியிலிருந்து சேர்க்கப்படவில்லை. குறையெனப்பட்டதே நிறமாயிற்று.

இக்கற்கள் கிடைக்கும் மாவட்டங்களிலேயே தேயிலை, இறப்பர்த் தோட்ட மக்களும் வாழ்கின்றனர். மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது 2003ஆம் ஆண்டுச் சட்டம். மாறியது சட்டத்தின் ஒழுங்கேயன்றி மக்களின் இயல்பன்று. லயன் அறையின் வறுமையை அங்கு வாழ்வோரின் இயல்பெனக் கூறுதல், வழுக்குதல் காபனின் இயல்பெனக் கூறுதலை ஒக்கும்.

ஆயினும் உவமையை எல்லை கடந்து நீட்டுதல் தகாது. சூடு கல்லை ஒளிரச் செய்வதுபோலத் துன்பம் மனிதரைப் புடமிடும் என வாதிடுவோர் உளர். சூட்டினால் வெடித்துச் சிதறும் கற்களை அவர்கள் எண்ணுவதில்லை. ஒளிர்ந்த கல்லின் ஊதியம் எவரைச் சேர்ந்தது எனவும் வினவுவதில்லை. மேலும், கல்லின் பெறுமதி ஒழுங்கைச் சார்ந்தது. மனிதனின் பெறுமதியோ எல்லா ஒழுங்கிற்கும் முந்தியது. ஒழுங்கு தீர்மானிப்பது அவனது ஆற்றல் வெளிப்படும் வாய்ப்பினை மட்டுமே.

பளிங்கின் ஒழுங்கை இயற்கை அமைத்தது. அதில் நீதியுமில்லை, அநீதியுமில்லை. சமூகத்தின் ஒழுங்கை அமைத்தோர் மனிதர். ஆதலின் அதற்குப் பொறுப்பேற்பதும், அதனை மாற்றியமைப்பதும் மனிதரின் கடனேயாகும்.