திரையின் வாய்மையும் தொழிலாளியின் கவனமும்

கருவியைச் செய்பவருக்கு அதைக் கையாள்பவரிடம் உள்ள கடமை யாது என்னும் அறவியல் வினா, கணினியால் இயங்கும் இயந்திரக் கருவிகளின் காலத்தில் புதிய கூர்மை பெற்றுள்ளது. லேத்திலும் மில்லிங் எந்திரத்திலும் உலோகத்தைச் செதுக்கும் வெட்டுளியை முன்பு பெரும்பாலும் தொழிலாளியின் கையே சக்கரத்தைச் சுழற்றி நகர்த்தியது; சி.என்.சி. எனப்படும் கணினி எண்வழிக் கட்டுப்பாடு வந்தபின், ஜி-கோடு என்ற கட்டளைத் தொடரைப் படித்து மென்பொருள் அதை நகர்த்துகிறது. கைக்கும் உலோகத்துக்கும் நடுவே திரை வந்துவிட்டதால், இயந்திரத்தைப் பற்றித் தொழிலாளி அறிவதில் பெரும்பகுதி அத்திரை சொல்வதைப் பொறுத்ததாகிறது.

இவ்வினாவை ஆராய லினக்ஸ்சிஎன்சி என்னும் திறமூல மென்பொருள் தக்க சான்றாகும். அமெரிக்க அரசின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தில் 1990களில் உருவான பணியிலிருந்து கிளைத்து, தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்த இம்மென்பொருளில் இயக்கமும் காட்சியும் பிரிந்து நிற்கின்றன. மோட்டார்களை ஆளும் பகுதி வழக்கமாக மில்லிநொடிக்கு ஒருமுறை தவறாமல் கணக்கிடும் நிகழ்நேர நிரலாக இயங்க, இடைமுகம் அதனிடமிருந்து செய்தி பெறும் தனி நிரலாக அமைகிறது. ஆக்சிஸ், டச்சி, ஜிமொக்கபி எனப் பல இடைமுகங்கள் ஒரே உள்ளகத்துக்கு வாய்த்தது இதனால்தான். ஆகவே திரையில் தெரிவது இயந்திரம் அன்று, இயந்திரத்தைப் பற்றிய கூற்று. கூற்று மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம் என்பதால், இடைமுகத்தை மேம்படுத்துவது அழகியல் வினா ஆவதற்கு முன்பே வாய்மை பற்றிய வினா ஆகிறது.

மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட 'இருத்தலும் காலமும்' என்ற நூலில், செவ்வனே பயன்படும் சுத்தியல் கவனத்திலிருந்து விலகி வேலையே முன்னிற்கும் என்றும், அது பழுதுபடும்போதே தனிப்பொருளாகத் தென்படும் என்றும் விளக்கினார். இதைக்கொண்டு, இடைமுகமும் கண்ணில் படாத அளவுக்கு எளிதாக வேண்டும் என்று வாதிடலாம். எண்ணெய் படிந்த விரலுக்கு அகப்படாத சிறு பொத்தான்களையும், அடுக்கடுக்கான பட்டியல்களையும் பொறுத்தவரை அவ்வாதம் சரியே. எனினும் சுத்தியலின் நிலை கைக்கு நேரே புலப்படுகிறது. வெட்டுளியின் நிலையோ பெரும்பாலும் எண்களாகவே புலப்படுகிறது. ஆகவே மறைய வேண்டியது தடையே அன்றி, இயந்திரத்தின் நிலை அன்று.

இயந்திரத்தை இயக்கியவுடன், பொதுவான அமைப்புகளில் அச்சுகள் எங்கே நிற்கின்றன என்பது மென்பொருளுக்குத் தெரியாது. ஹோமிங் எனப்படும் செயலால் ஒவ்வோர் அச்சின் தொடக்கப் புள்ளியையும் நிறுவிய பிறகே தெரியும். ஆக்சிஸ் இடைமுகம் ஹோமிங் முடிந்த அச்சின் எண்ணருகே ஒரு குறியை இடுகிறது. அது முடியும்வரை நிரலை ஓட்ட இயல்பான அமைப்பு இசைவதில்லை. தன் அறியாமையைத் தானே அறிவிக்கும் இந்த நேர்மை எல்லா இடங்களிலும் வாய்ப்பதில்லை. பின்னூட்டம் இல்லாத ஸ்டெப்பர் மோட்டார் சுமை தாங்காமல் சில அடிகளைத் தவறவிட்டாலும், திரையின் எண் எதுவும் நடவாததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். காட்டப்படும் தொலைவு இயந்திரத்தின் தொடக்கப் புள்ளியிலிருந்து அளந்ததா, பணிப்பொருளின் தொடக்கப் புள்ளியிலிருந்து அளந்ததா என்று தெளிவாகச் சொல்லாத திரை, எத்துணை அழகாக இருப்பினும், பாதி உண்மையையே சொல்கிறது. அதை நம்பி இயக்கினால் வெட்டுளி பணிப்பொருளை இறுக்கிய வைஸில் மோதக்கூடும்.

பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல் 1934 டிசம்பர் முதல் 1935 ஆகஸ்ட் வரையிலான காலத்தில் பாரிஸ் பகுதித் தொழிற்சாலைகளில் உழைத்தார். ரெனோ ஆலையில் அவர் இயக்கியது மில்லிங் எந்திரம். சிந்தனைக்கு இடமளிக்காத உழைப்பே தொழிலாளியை ஒடுக்குகிறது என்று அங்கே உணர்ந்த அவர், முழுமையான கவனமே பிரார்த்தனையின் சாரம் என்றும் பின்னாளில் கருதினார். இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்கினால், தொழிலாளியின் கவனத்தைத் தேவையற்ற தேடலில் வீணாக்குவதும், கவனமே வேண்டாம் என்று அவரை மயக்குவதும் ஒரே தீங்கின் இரு வடிவங்கள் என்பது விளங்கும்.

லினக்ஸ்சிஎன்சியின் ஜி.பி.எல். உரிமம், மூல நிரலைப் படிக்கவும் மாற்றவும் எவருக்கும் உரிமை தருகிறது; ஆனால் நிரல் எழுதத் தெரியாத தொழிலாளிக்கு அவ்வுரிமை பிறர் துணையின்றிப் பயன்படாது. ஆதலால் இடைமுகத்தை வடிவமைப்போர் இயந்திரத்தின் அருகே நின்று தொழிலாளியின் வேலையைக் கண்டறிதல் வேண்டும். திரையை எளிதாக்கினோமா என்று கேட்குமுன், இயந்திரம் அறிந்ததையும் அறியாததையும் அது பிரித்துச் சொல்கிறதா என்று கேட்டல் வேண்டும்.