எண்பதுக்குக் கீழே

மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறது. ரிசீவரின் முகப்பில் சிறு விளக்கு உடனே போகவில்லை. உள்ளே மின்தேக்கிகளில் மிச்சமிருப்பது தீரும்வரை எரிகிறது. பிறகு இல்லை.

*

ரிசீவரின் முதுகு. வரிசை வரிசையாகத் துளைகள். பெரும்பாலானவற்றுக்கு இணை உண்டு. இடம், வலம். சிவப்பு, கருப்பு. சப்வூஃபருக்கான துளை மட்டும் ஓரத்தில். 'ப்ரீ அவுட்' என்ற எழுத்து டார்ச் வெளிச்சத்தில் தெரிகிறது. எழுத்தின் மேல் மெல்லிய தூசி.

*

ஒரே ஒரு ஒயர். ஆர்சிஏ முனை. நடுவில் ஊசி, சுற்றிலும் வளையம். ஊசி வழியே ஒலியின் குறிப்பு போகிறது. வளையம் அது திரும்பும் பாதை. வெளி இரைச்சலைத் தடுப்பதும் அதுவே.

செருகும்போது ஊசிதான் முதலில் தொடுகிறது. வளையம் ஒரு கணம் பின்னால். மின்சாரம் இருந்தால் அந்தக் கணத்தில் 'டம்' என்று ஓர் இடி விழும்.

இப்போது உலோகம் உலோகத்தில் இறுகும் சத்தம் மட்டும்.

*

மற்ற ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒயர்களில் கூம்பை அசைக்கும் வலு போகிறது. இதில் வலு இல்லை. சப்பின் உள்ளே அதற்கென்று தனி ஆம்பிளிஃபையர். தனி பிளக்.

ஒயரைச் சுவரோரமாக ஓட்டுகிறேன். மூலையில் அது வளைய மறுக்கிறது. சற்றுப் பெரிய வளைவாக விட்டால் ஒத்துக்கொள்கிறது.

*

சப்பின் முதுகில் இரண்டு துளைகள். ஒன்றின் மேல் 'எல்.எஃப்.இ.' என்று அச்சு. அதில் ஒயர். மற்றது சும்மா இருக்கிறது.

இரண்டு குமிழ்கள். முதலாவது எல்லைக்கு: எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலிப்பது என்பது. அதைக் கடைசிவரை வலப்பக்கம் திருப்பிவிடுகிறேன். எல்லை போடும் வேலை ரிசீவருடையது. இரண்டும் எல்லை போட்டால் நடுவே ஒரு பகுதி யாருக்கும் இல்லாமல் மெலியும்.

இரண்டாவது, அளவுக்கு. கடிகார முள் 12இல் நிற்கும் இடம்.

பக்கத்தில் ஒரு சுவிட்ச். ஃபேஸ். 0 அல்லது 180. இப்போதைக்கு 0.

*

மின்சாரம் வருகிறது. சப்பின் சிவப்பு விளக்கு நீலமாகிறது.

ஒன்றும் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. ஃபேனை நிறுத்தியதும், இருக்கிறது.

ம்ம்ம்.

50 ஹெர்ட்ஸ். சுவருக்குள் மின்சாரம் நொடிக்கு 50 முறை போய் வருகிறது. அதன் சுவடு. அதற்கு மேல் 100, இன்னும் மெல்லியதாக. இந்த வீட்டில் எப்போதும் இருந்ததுதான். ஒலிக்க ஒரு வாய் இல்லாமல் இருந்திருக்கிறது.

*

ரிசீவர் ஒரு சுவிட்ச் போர்டில். சப் வேறொரு போர்டில். இரண்டு எர்த்துக்கும் நடுவே மிகச் சிறிய வித்தியாசம். அந்த வித்தியாசம் ஒயரின் வளையத்தில் ஓடுகிறது.

இரண்டையும் ஒரே போர்டில் செருகுகிறேன். ஓசை குறைகிறது. போகவில்லை.

டிவிக்கு வரும் கேபிளைக் கழற்றுகிறேன். போய்விடுகிறது. தெருக்கம்பத்திலிருந்து, மொட்டைமாடி வழியாக, வேறு ஏதோ ஒரு மண்ணின் எர்த்தையும் அந்தக் கேபிள் கூடவே கொண்டுவந்திருக்கிறது.

ஓசை நின்ற பிறகும் காது சற்று நேரம் அந்த இடத்திலேயே இருக்கிறது.

*

காது கேட்கும் பரப்பு 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை. ஏறக்குறைய பத்து ஸ்தாயி. 20இலிருந்து 80 வரை அதில் இரண்டு. இந்தப் பெட்டிக்குப் பெரும்பாலும் அந்த இரண்டுதான்.

*

திரையில் மெனு. முன் ஸ்பீக்கர்கள் இடுப்பளவு உயரம். மெனுவில் அவற்றுக்கு 'ஸ்மால்' என்று குறிக்கிறேன். எல்லை 80.

80க்குக் கீழே அவற்றுக்கு வரவேண்டியதெல்லாம் இனி சப்புக்குப் போகிறது. சுமை இறங்கிய கூம்புகளில் குரல் தெளிகிறது.

80 என்ற எண், டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கிய டிஹெச்எக்ஸ் ஒலித்தர முறையின் வழியாக வீடுகளுக்குள் வந்தது. அதற்குக் கீழே, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது பிடிப்பது கடினம்.

*

இரண்டு காதுகளுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நாலேகால் மீட்டருக்கு மேல். 20 ஹெர்ட்ஸ் அலை 17 மீட்டர். இந்த அறைக்குள் அதற்கு நீட்டிப் படுக்க இடமில்லை.

இரு காதுகளிலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் ஒரே அழுத்தம். எங்கிருந்து என்று கேட்டால் காதிடம் பதில் இல்லை.

கண்ணை மூடினால் பெட்டி இல்லை. திறந்தால் இருக்கிறது.

*

பெட்டியை எங்கே வைப்பது.

அதைத் தூக்கி சோபாவில் வைக்கிறேன், உட்காரும் இடத்தில். தாழ்ந்த ஸ்வரங்கள் உள்ள ஒரு பாட்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது. தரையில் முட்டி போட்டு, தலையைத் தாழ்த்தி, சுவரோரமாக நகர்கிறேன்.

மூலையில் ஒலி வீங்குகிறது. ஜன்னலுக்குக் கீழே மெலிகிறது. அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்கு எல்லா ஸ்வரமும் ஒரே அளவு.

ஒலிக்குப் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றுதான். சோபாவிலிருந்து வருவது இங்கே ஒழுங்காகக் கேட்டால், இங்கிருந்து போவது சோபாவில் ஒழுங்காகக் கேட்கும்.

மொசைக் தரையின் குளிர்ச்சி. உள்ளங்கையில் துடிப்பு. முட்டியில் தூசி.

*

அறை 14 அடி நீளம். 4.27 மீட்டர். 41 ஹெர்ட்ஸ் அலையில் பாதி அதற்குள் பொருந்துகிறது. இரு சுவர்களிலும் அழுத்தம் உச்சம். நட்ட நடுவில் ஏதுமில்லை.

நடுவில் நிற்கிறேன். 41 ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்கவில்லை.

ஓர் அடி பின்னால். மெல்ல வருகிறது.

முதுகு சுவரில் படும்போது அறை முழுக்க அதுதான்.

ஊஞ்சல் திரும்பும் கணம் பார்த்து ஒரு விரல் தள்ளுகிறது; ஊஞ்சல் ஏறுகிறது. அறையின் நீளத்துக்கு ஒத்த ஸ்வரமும் அப்படியே ஏறுகிறது. ஒத்துவராதது வந்த அளவிலேயே போகிறது.

*

20 டிகிரிக் காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 30 டிகிரியில் 349.

ஏசி போட்டால் இந்த அறையின் 41, அரை ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். காதுக்குத் தெரியாது. தெரியாமல் இறங்குகிறது.

*

120இலிருந்து மெல்லக் கீழே இறங்கும் ஒரே ஒலி.

90க்கு அருகே ஜன்னல் கொக்கி நடுங்குகிறது. 70இல் ஷோகேஸ் கண்ணாடி. 52இல் சுவர்க்கடிகாரம். 38இல் சமையலறையில் எங்கோ ஓர் எவர்சில்வர் மூடி. தன் முறை வரும்வரை எதுவும் வாய் திறப்பதில்லை. முறை போனதும் மூடிக்கொள்கிறது.

30க்குக் கீழே எதுவும் பேசவில்லை. கூம்பு முன்னும் பின்னும் போவது கண்ணுக்குத் தெரிகிறது. பெட்டியின் துளையருகே கையை வைத்தால் விரலிடுக்கில் காற்று வந்து போகிறது. ஒலி என்று சொல்ல முடியவில்லை. வெறும் காற்று என்றும்.

கொக்கியின் இடுக்கில் மடித்த காகிதம் வைக்கிறேன். எவர்சில்வர் மூடியைத் தேடவில்லை.

*

1984. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஒரு விலங்குக் காட்சிசாலை. யானைகளின் அருகே நிற்கும் ஒலி ஆய்வாளர் கேட்டி பெய்னுக்குக் காற்றில் ஒரு துடிப்பு உணர்வாகிறது. காதில் ஒன்றும் விழவில்லை. தேவாலயத்தில் ஆர்கனின் பெரிய குழாய்கள் அருகே நின்று பாடிய நினைவு அவருக்கு வருகிறது.

பதிவுசெய்து, வேகம் கூட்டி ஓட்டினால் கேட்கிறது. யானைகள் பேசுகின்றன. 14 முதல் 24 ஹெர்ட்ஸுக்குள்.

முதுமலைச் சாலையில் வண்டியை ஓரம் நிறுத்தி, காடு எவ்வளவு அமைதி என்று சொன்னது நினைவுக்கு வருகிறது.

*

அளவெடுக்கும் மைக். அட்டையை மடித்துச் செய்த தாங்கி. உட்கார்ந்தால் காது வரும் உயரம். ஃபேன் நிறுத்தம். ஃப்ரிட்ஜும்.

ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கூப்பிடுகிறது. 'விர்ர்ப்'. இடைவெளி. 'விர்ர்ப்'. சப்பின் முறையில் 'வூம்'. அந்த ஒன்றை மட்டும் வயிறும் கேட்கிறது.

அசையக்கூடாது. எச்சில் விழுங்குவது பெரிய சத்தமாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில். ரிசீவர் நின்று, சுற்றுப்புற இரைச்சல் அதிகம் என்று திரையில் எழுதுகிறது.

விசில் ஓயும்வரை உட்கார்ந்திருப்பது. சாம்பார் வாசனை.

*

முன் இடது ஸ்பீக்கர் 2.7 மீட்டர் என்கிறது திரை. டேப்பிலும் 2.7.

சப் 3.9 மீட்டர் என்கிறது. டேப்பில் 2.4.

சப்புக்குள் நுழையும் ஒலி வெளியே வருவதற்குள் வடிகட்டிகளைக் கடக்கிறது. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நாலு பங்கு நேரம். மைக்குக்கு அந்தத் தாமதம் தூரமாகத் தெரிகிறது. ரிசீவர் அதை நம்பி மற்ற ஸ்பீக்கர்களைச் சற்றுக் காக்கவைக்கிறது. எல்லாம் சேர்ந்து வந்துசேர்கின்றன.

எண்ணைத் திருத்தவில்லை.

*

80 ஹெர்ட்ஸில் ஒரே ஒலி. முன் ஸ்பீக்கர்களும் சப்பும் சேர்ந்து.

0. ஒலி முன்னால் நிற்கிறது.

180. உள்வாங்கிக்கொள்கிறது. கூம்புகள் அதே வேகத்தில் உழைக்கின்றன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மிச்சம் கொஞ்சமே வருகிறது.

0.

*

'5.1' என்று எழுதுவதில் அந்தப் புள்ளி ஒன்று, தனித் தடம்: எல்.எஃப்.இ. 120 ஹெர்ட்ஸ் வரை போகும். மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் உயர்த்தி ஒலிக்கும்படி வகுத்தது.

பெரும்பாலான நேரம் அதில் ஒன்றுமே இல்லை. வெடிக்கும் சில நிமிடங்கள் தவிர, படம் முழுக்க அது ஓடுகிறது, காலியாக.

*

படத்தில் ஒரு வெற்று அறை. யாரும் பேசவில்லை. ரிமோட்டில் சப்பை அணைக்கிறேன்.

காட்சி அதேதான். அறை மட்டும் சிறுத்துவிடுகிறது.

மறுபடி போடுகிறேன். தூரத்துச் சாலையோ, கட்டடத்துக்குள் சுற்றும் காற்றோ, ஏதோ ஒன்று அடியில் வந்து நிற்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைச் சேர்த்திருக்கிறார். தனியாகக் காதில் விழாதபடி.

*

ஒரு கச்சேரிப் பதிவு. மிருதங்கத்தின் தொப்பி. தோலின் நடுவே தண்ணீர் விட்டுப் பிசைந்த ரவை. அந்த எடையில் நாதம் கீழே இறங்குகிறது. உள்ளங்கையின் அடிப்பகுதி தோலை அழுத்தி நகரும்போது கும்கி என்ற நாதம் மேலே வளைகிறது.

வளைவின் ஒரு முனை சப்பில். மறுமுனை முன் ஸ்பீக்கர்களில். நடுவே கைமாறும் இடத்தைக் காது தேடுகிறது. அதற்குள் தனி ஆவர்த்தனம் அடுத்த நடைக்குப் போய்விட்டது.

*

இரவு. வால்யூமைக் குறைக்கிறேன். முதலில் போவது அடித்தளம்.

1933இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை வளைகோடுகளாக வரைந்தார்கள். 20 ஹெர்ட்ஸ் காதில் விழவேண்டும் என்றால், 1,000 ஹெர்ட்ஸுக்கு வேண்டியதைவிட 70 டெசிபலுக்கு மேல் வலுவாக இருக்கவேண்டும்.

பாட்டில் அடித்தளம் அப்படியே இருக்கிறது. கூம்பும் லேசாக அசைகிறது.

*

கீழ் வீடு. குரல் இந்தச் சுவர்களுக்குள் நின்றுவிடுகிறது. வயலினும். தளத்தைத் தாண்டி இறங்குவது இந்தத் தாழ்ந்த ஒலி மட்டும். கீழே இருப்பவருக்கு எந்தப் பாட்டு என்று தெரியாது. தாளம் தெரியும்.

சப்பின் காலடியில் ரப்பர் துண்டுகள். தளத்துக்கு நேரே போவது குறைகிறது. காற்று வழியே போவது போகிறது.

*

கரண்ட் போகிறது.

ஃப்ரிட்ஜ், மாடி மோட்டார், தெரு டிரான்ஸ்ஃபார்மர். அடியிலிருந்த எல்லாம் ஒரே நேரத்தில் விலகுகின்றன. காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கிறது. யாரோ படியில் செருப்பைத் தேடுகிறார்கள்.

எங்கோ ஒரு ஜெனரேட்டர் தொடங்குகிறது. திசை தெரியவில்லை.

*

சப்புக்கு மைக் அளந்து வைத்த அளவு, கழித்தல் 3.5 டெசிபல்.

கை 0 வரை ஏற்றுகிறது. நன்றாக இருக்கிறது. ஒரு பாட்டு முடிவதற்குள் அலமாரிப் பக்கம் பெட்டி இருப்பது தெரியத் தொடங்குகிறது.

கழித்தல் 3.5. குறைவாகத் தோன்றுகிறது. சற்று நேரம் கழித்து, எதுவும் தோன்றவில்லை.

*

இரண்டாவது சப் ஒன்று இருந்தால் என்று ஓர் எண்ணம்.

முன் சுவரின் நடுவில் ஒன்று, எதிர்ச் சுவரின் நடுவில் ஒன்று. இரண்டும் சேர்ந்து தள்ளினால் 41 எழ வழியில்லை. நடு அறையின் பள்ளமும் சுவரோர வீக்கமும் ஒன்றாகத் தணியும். கணக்கு அப்படித்தான் வருகிறது. கூடவே இன்னோர் ஒயர், இன்னொரு பிளக், இன்னொரு தாமதம்.

விலை விசாரிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.