பாம்படத்தில் ஒரு பாடம்

பாரிஸ் நகை நிறுவனமான கார்ட்டியேவின் குடும்பத்தைச் சேர்ந்த ழாக் கார்ட்டியே, 1911ஆம் ஆண்டு தில்லி தர்பாரையொட்டி இந்தியா வந்தார். இலை, பூ, கனி வடிவில் செதுக்கிய இந்திய மாணிக்கத்தையும் மரகதத்தையும் நீலத்தையும் விரும்பி ஏற்ற அந்நிறுவனம், இந்நாட்டு ஆரங்களை அச்சு அசலாகப் பெயர்த்தெடுக்காமல், அக்கற்களைப் பிளாட்டினத்தில் வைரங்களோடு பதித்துப் புதியதோர் அழகை உருவாக்கியது. 1936இல் டெய்சி ஃபெலோஸ் என்னும் சீமாட்டிக்குச் செய்தளித்த ஆரம் அதற்குத் தக்க சான்று.

அவ்வாறு உற்றுநோக்கத்தக்க கலைச்செல்வம் சிவகாசிக்கு அருகிலுள்ள எம். புதுப்பட்டியை உள்ளடக்கிய தென்தமிழகத்திற்கும் உண்டு. இப்பகுதிச் சிற்றூர்களில் முதிய பெண்கள் வளர்த்த காதில் அணிந்த பாம்படம், அதாவது உருண்டையும் கட்டமும் தட்டுமாக அடுக்கிய பொன் காதணி, மெல்லிய தகட்டின் உள்ளே அரக்கை நிரப்பிச் செய்யப்படுவதால், குறைந்த பொன்னிலேயே பெரிய உருவம் பெறுகிறது. அதன் வடிவக் கணக்கு பொற்கொல்லருக்கு மட்டுமன்றி, சிவகாசி அச்சகங்களில் பட்டாசுப் பெட்டிக்கு மேலுறை வரையும் ஓவியருக்கும் பயன்படக்கூடியது.

பிறர் படைப்பின் வடிவத்தை மட்டும் எடுப்பவர் நகல் செய்கிறார். அவ்வடிவம் பிறந்த காரணத்தையும் அறிந்துகொள்பவரே அடுத்த படைப்பைத் தருகிறார்.