எரிந்ததன் உடன் இருந்தவை

மின்கோளாறால் ஒரு கணினி மாண்டபின், எஞ்சிய உறுப்புகளை என் செய்வது? யாவற்றையும் எறிக என்பார் ஒரு சாரார். துடைத்து விற்றுக் காசாக்குக என்பார் மற்றொரு சாரார். இரண்டும் அறமாகா என்பதே நம் கருத்து.

சுவரின் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பது பவர் சப்ளை எனும் மின்வழங்கி. கெடும்போது சில வேளை அது தான் மட்டும் மாளும். சில வேளை மிகை மின்னழுத்தத்தைத் தாய்ப்பலகைக்கும் வன்தட்டுக்கும் செலுத்திவிடும். ஆகவே, எரிந்ததன் உடன் இருந்தது என்பதற்காகவே ஓர் உறுப்பைக் கழிப்பது, பிறப்பைக் கொண்டு மனிதனைத் தள்ளும் மூடத்தனத்தை ஒத்ததாகும். சோதனையன்றோ தகுதியைக் காட்டும்? நல்ல மின்வழங்கியை இணைத்து, உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டிப் பார்த்தல் வேண்டும். தேறாதவற்றையும் குப்பைத் தொட்டியில் இடலாகாது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டுக் கழிவு விதிகள் மின்னணுக் கழிவைத் தனியே கையாள வேண்டிய பட்டியலில் வைத்துள்ளன.

எனினும் சோதனைக்கும் எல்லையுண்டு. மிகை மின்சாரத்தால் உள்ளே ஊறுபட்ட சில்லு இன்று ஓடும். சில திங்களில் நின்றும் போகும். தோட்டத்துத் தாய் ஒருத்தி, மகளின் படிப்புக்கென மிச்சம் பிடித்த வெள்ளியைக் கொடுத்து அதனை வாங்குகிறாள் என்று கொள்வோம். நடந்ததை மறைத்து விற்பவன் அவள் வெள்ளியை மட்டுமா கவர்கிறான்? அம்மகளின் பாடங்களையும் அன்றோ!

உண்மையுரைத்தால் விலை குறையும், குறைக. வன்தட்டாயின், அதனை மட்டுமே நம்பி எதையும் சேமிக்க வேண்டா என்றும் சொல்லியே கொடுப்போமாக.